கருவில் விழுந்த வடு

தமிழில் புண் வேறு, வடு வேறு. புண் என்பது திறந்திருப்பது, நோவது, இன்னும் முடிவுறாதது. வடு என்பது அப்புண் ஆறியபின் எஞ்சி நிற்கும் அடையாளம். வடு நோவதில்லை, நினைவூட்டுவதோடு நின்றுவிடும். நம் புலவர் பெருமக்கள் இவ்வேறுபாட்டை நுட்பமாக அறிந்தே இவ்விரு சொற்களையும் ஆண்டனர்.

இவ்வேறுபாட்டைப் பொய்யாக்கும் நோய் ஒன்று மருத்துவ வரலாற்றில் உண்டு. தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தையின் விழித்திரையில் அது புண்ணாகத் தோன்றுகிறது. பல குழந்தைகளில் பிறப்பதற்கு முன்பே ஆறி வடுவாகிவிடுகிறது. பத்தாண்டோ இருபதாண்டோ ஓசையின்றிக் கிடந்தபின், அவ்வடுவின் விளிம்பிலேயே மீண்டும் புண்ணாக வெடிக்கிறது. டாக்சோபிளாஸ்மா எனும் ஒட்டுண்ணி விளைக்கும் கண்நோய் அது. அதன் வரலாற்றையே இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

மொழியும் இலக்கியமும் பயிற்றுவிக்கும் நமக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவலாம். சிதைந்த ஓர் ஏட்டுப்படியைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய படி, அதற்கும் முந்தைய படி என்று பின்னோக்கிச் சென்று மூலபாடத்தை அடைய முயலும் பதிப்பாசிரியரின் பணியை நாம் அறிவோம். இந்நோயை ஆராய்ந்தவர்கள் செய்ததும் அத்தகைய பயணமே. கண்ணில் கண்ட வடுவிலிருந்து புறப்பட்டு மூளைக்கும், அங்கிருந்து தாயின் குருதிக்கும், அவள் உண்ட உணவுக்கும், இறுதியில் மண்ணுக்கும் அவர்கள் சென்று சேர ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் ஆயின. அதன் பயனாக, ஊழ்வினை என்றும் பிறவிக்குறை என்றும் ஒதுக்கப்பட்ட ஒரு துன்பம், காரணமும் காலமும் உடைய நோயாக அறியப்பட்டது.

துனிஸ் நகரத்துக் கூண்டு

1908ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரிலிருந்த பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் சார்லஸ் நிக்கோல், லூயி மன்சோ என்னும் இருவர் லீஷ்மேனியா எனும் ஒட்டுண்ணியை ஆராய்ந்து வந்தனர். அதற்காகத் தென் துனிசியாவின் மலையடிவாரங்களில் வாழும் 'கன்டி' என்ற சிறு கொறிவிலங்கைக் கூண்டுகளில் வளர்த்தனர். அவ்விலங்குகள் சிலவற்றின் உடலில் பிறைவடிவான நுண்ணுயிர் ஒன்று தென்பட்டது. முதலில் அதனையும் லீஷ்மேனியாவின் ஒருவகை என்றே எண்ணினர். பின்னர் அது வேறோர் உயிர் எனத் தெளிந்து, 1909இல் டாக்சோபிளாஸ்மா காண்டியை என்று பெயரிட்டனர்.

கிரேக்க மொழியில் 'டாக்சான்' என்றால் வில்; 'பிளாஸ்மா' என்றால் உருவம். வில்லுருவினது என்பது பொருள். பின்னொட்டு அந்தக் கொறிவிலங்கின் பெயரிலிருந்து வந்தது. ஆனால் அப்பெயரை எழுதுகையில் ஓர் உயிரெழுத்து பிறழ்ந்துவிட, அப்பிழையே உலகெங்கும் நிலைத்துவிட்டது. பாடபேதம் இலக்கியத்திற்கு மட்டுமே உரியதன்று போலும்! அதே 1908இல் பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரில் அல்ஃபோன்சோ ஸ்ப்ளெண்டோரே என்பவர் முயலின் உடலில் இதே உயிரைத் தனித்துக் கண்டறிந்தார்.

டைஃபஸ் காய்ச்சலைப் பேன் பரப்புகிறது என்று நிறுவியமைக்காக 1928இல் நோபல் பரிசு பெற்றவர் நிக்கோல். ஆயினும் இந்தப் பிறை வடிவ உயிரியால் மனிதருக்குக் கேடு விளையும் என்று அக்காலத்தில் எவரும் கருதவில்லை. எங்கோ ஒரு பாலைநிலக் கொறிவிலங்கின் நோய் என்றே அது ஏடுகளில் இடம்பெற்றது.

பிராக் நகரத்துக் குழந்தை

இனி நாம் பதினைந்தாண்டு கடந்து நடு ஐரோப்பாவிற்குச் செல்ல வேண்டும். பிராக் நகரில் யோசெஃப் யாங்கூ என்ற கண் மருத்துவர் இருந்தார். அவரிடம் வந்த 11 மாதக் குழந்தை ஒன்று தலையில் நீர் கோத்து, பார்வையற்று இருந்தது. ஒரு கண் இயல்பான அளவினது. மற்றொரு கண் சிறுத்திருந்தது. விழித்திரையின் நடுவே, மாகுலா எனப்படும் கூர்நோக்குப் பகுதியில், திசு இல்லாத பள்ளம் போன்ற குறை காணப்பட்டது.

இந்த மாகுலாவைப் பற்றி ஒரு சொல். நாம் எழுத்தைப் படிப்பதும், எதிரே வருபவர் முகத்தை இன்னாருடையது என்று அறிவதும், ஊசியில் நூல் கோப்பதும் விழித்திரையின் இச்சிறு பகுதியால்தான். சுற்றுப்புறம் முழுதும் தெரிந்தாலும் மாகுலா கெட்டுவிட்டால் நோக்கும் பொருள் மட்டும் தெரியாது. டாக்சோபிளாஸ்மா பிறப்பிற்கு முன் கண்ணைத் தாக்கும்போது பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது இவ்விடத்தையே என்பது கொடுமை.

அக்காலத்து மருத்துவ நூல்கள் மாகுலாவில் காணப்படும் இத்தகைய பள்ளத்தைப் பிறவிக்குறை என்றே வகைப்படுத்தின. கரு உருவாகும்போது ஏதோ ஒரு திசு வளராமல் நின்றுவிட்டது என்பது அதன் பொருள். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. யாங்கூ கேட்டார். குழந்தை இறந்தபின் அதன் கண்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். விழித்திரையில் ஒட்டுண்ணிகள் அடங்கிய உறைகளைக் கண்டார். அதனை 1923இல் செக் மொழி மருத்துவ இதழில் வெளியிட்டார். வளராமல் போன திசு என்று நூல்கள் கூறியது, உண்மையில் வளர்ந்தபின் அழிக்கப்பட்ட திசு என்பதற்கு அதுவே முதற் சான்று.

ஆனால் அவ்வொட்டுண்ணி எது என்று யாங்கூவால் உறுதிப்படுத்த இயலவில்லை. பாரிசில் பணியாற்றிய கான்ஸ்டன்டின் லெவாடிட்டி, 1928இல், அது நிக்கோல் கண்ட டாக்சோபிளாஸ்மாவாக இருக்கக்கூடும் என்று எழுதினார். துனிசையும் பிராகையும் இணைத்த அவ்வூகம் சான்றின்றியே சில ஆண்டுகள் நின்றது.

நியூயார்க், 1938

சான்று நியூயார்க்கிலிருந்து வந்தது. ஏப்னர் வுல்ஃப், டேவிட் கவன் என்னும் நோய்க்கூற்று வல்லுநர்கள், மூளையழற்சியால் இறந்த ஒரு சிசுவின் உடலில் ஒட்டுண்ணியைக் கண்டு 1937இல் அதுபற்றி எழுதினர். அதனை வேறோர் இனம் என்றே அப்போது கருதினர்.

1938 மே 23 அன்று நியூயார்க்கின் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையின் வழியே ஒரு பெண் குழந்தை பிறந்தது. நிறைமாதக் குழந்தை, பிறந்தபோது குறையேதும் தென்படவில்லை. மூன்றாம் நாள் வலிப்பு கண்டது. கண்களை விளக்கிட்டுப் பார்த்த மருத்துவர்கள் இரு கண்களின் மாகுலாவிலும் புண்களைக் கண்டனர். ஒரு மாதமே வாழ்ந்து அக்குழந்தை இறந்தது.

அதன் மூளை, தண்டுவடம், வலக்கண் ஆகியவை ஆய்விற்கு எடுக்கப்பட்டன. வுல்ஃப், கவன், பெரில் பேஜ் ஆகிய மூவரும் அத்திசுக்களில் ஒட்டுண்ணியைக் கண்டதோடு நிற்கவில்லை. மூளை, தண்டுவடத் திசுவை உப்புநீரில் கரைத்து முயல்களுக்கும் எலிகளுக்கும் செலுத்தினர். அவ்விலங்குகளுக்கு மூளையழற்சி உண்டாயிற்று. அவற்றின் மூளையில் அதே ஒட்டுண்ணி பெருகியிருந்தது. அவற்றிலிருந்து வேறு எலிகளுக்கும் அது தொற்றியது. 1939இல் இம்முடிவு வெளியாயிற்று. மனிதரைத் தாக்கும் இவ்வுயிரியும் விலங்குகளில் அறியப்பட்ட டாக்சோபிளாஸ்மாவும் ஒன்றே என்பதை ஆல்பர்ட் சேபின் உறுதிப்படுத்தினார். போலியோ சொட்டு மருந்தைப் பின்னாளில் உருவாக்கிய அதே சேபின்தான் அவர்.

பிறந்த மூன்றாம் நாளே புண் முதிர்ந்த நிலையில் இருந்தது என்பதன் பொருள் யாது? நோய் பிறப்பிற்குப் பின் வந்திருக்க இயலாது. தாயின் குருதியிலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைந்திருக்க வேண்டும். ஆனால் அத்தாய்மாரோ பெரும்பாலும் நோயாளிகளே அல்லர். கருவுற்ற காலத்தில் காய்ச்சல் கண்டதாகக்கூட அவர்களுள் பலருக்கு நினைவில்லை. தாயை வருத்தாத ஒன்று சேயை வீழ்த்துகிறது என்ற இம்முரணே அடுத்த கால் நூற்றாண்டின் கேள்வியாயிற்று.

1942இல் சேபின் இந்நோயின் அடையாளங்களைத் தொகுத்தார். தலையில் நீர் கோத்தல் அல்லது தலை சிறுத்தல், மூளையில் சுண்ணாம்பு படிதல், விழித்திரை அழற்சி ஆகியவை அவை. இவற்றுள் கண்ணின் புண்ணே மிகுதியும் காணப்படுவது. மூளை தப்பிய குழந்தைகளிலும் கண் தப்பவில்லை.

ஆறியதாகத் தோன்றிய வடு

1948இல் சேபினும் ஹாரி ஃபெல்ட்மனும் ஒரு சாயச் சோதனையை அறிவித்தனர். உயிருள்ள டாக்சோபிளாஸ்மாவை மெத்திலீன் நீலத்தில் இட்டால் அது நீலநிறம் ஏற்கும். நோய்த்தொற்றுக்கு முன்பே ஆளானவரின் குருதிநீரைச் சேர்த்தால், அதிலுள்ள எதிர்ப்பொருள் ஒட்டுண்ணியைச் சிதைத்துவிடும். அது நிறம் ஏற்காது. எளிய இச்சோதனையால் இறந்தவரின் திசுவை அறுத்துப் பார்க்காமலேயே உயிரோடிருப்பவரின் கடந்தகாலத் தொற்றை அறிய முடிந்தது. விளைவு வியப்பிற்குரியது. நலமாக நடமாடும் மக்களுள் பலர் இவ்வொட்டுண்ணியைத் தம் உடலில் சுமந்துகொண்டிருந்தனர்!

நான்காண்டுகள் கழித்து வாஷிங்டனிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. அங்கிருந்த ராணுவ நோய்க்கூற்று நிலையத்தில் ஹெலனர் வைல்டர் என்னும் அம்மையார் பணியாற்றி வந்தார். பார்வை கெட்டு அகற்றப்பட்ட பெரியவர்களின் கண்கள் அங்கே சேமிக்கப்பட்டிருந்தன. அக்கண்களைக் கெடுத்தது காசநோய் என்றோ மேகநோய் என்றோ அவற்றின் குறிப்புகளில் எழுதப்பட்டிருந்தது. வைல்டர் அந்நோய்க் கிருமிகளைப் பலவகைச் சாயமிட்டுத் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. விடாது தேடியவர் கண்டது டாக்சோபிளாஸ்மாவை. 53 கண்களில் அதனைக் கண்டதாக 1952இல் அவர் வெளியிட்டார். காசநோயாளி, மேகநோயாளி என்று எழுதப்பட்ட அம்மனிதர்கள் அந்நோய்களுக்கு உரியவர்களே அல்லர். மேகநோய் என்ற சொல் ஒரு குடும்பத்தில் எத்தகைய பழியை விளைத்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பெரியவர்களின் கண்ணுக்கு இது எப்போது வந்தது? சான் பிரான்சிஸ்கோவின் மைக்கேல் ஹோகன் முதலியோர், பெரும்பாலும் இது பிறப்பிற்கு முன் பெற்ற தொற்றின் மறுவெடிப்பே என்று கருதினர். அதன் இயக்கத்தை இவ்வாறு விளக்கலாம். உடலின் எதிர்ப்பாற்றல் எழுந்ததும், வேகமாகப் பெருகிவந்த ஒட்டுண்ணி தன்னைச் சுற்றி உறையமைத்துக்கொண்டு மெதுவாக வாழத் தொடங்குகிறது. மூளையும் விழித்திரையும் அதற்கு உகந்த இடங்கள். அவ்வுறைக்குள் மருந்தும் எளிதில் நுழையாது. ஆண்டுகள் பல கழிந்து உறை உடையும்போது உள்ளிருந்தவை வெளிப்படுகின்றன. உடல் அவற்றை எதிர்த்துப் பொங்குகிறது. பழைய வடுவின் விளிம்பில் வெண்ணிறப் புதுப்புண் தோன்றுகிறது. அழற்சியால் கண்ணுள் நிறைந்த பளிங்குக்கூழ் மங்குவதால், பனிமூட்டத்தில் எதிரே வரும் வண்டியின் விளக்கைப்போல் அப்புண் தெரியும் என்று கண் மருத்துவர்கள் வருணிப்பர்.

1986இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பிறவியிலேயே தொற்றுப் பெற்ற 11 பேரை இருபதாண்டுகள் தொடர்ந்து கண்காணித்து வெளியிட்ட முடிவு இதற்குச் சான்றாயிற்று. இருபது வயதிற்குள் அவர்களுள் பெரும்பாலோருக்கு விழித்திரையில் வடு தோன்றியிருந்தது. பிறந்தபோது நலமாயிருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தையும் இந்நோயிலிருந்து விடுபட்டதாகாது என்பதை உலகம் அறிந்தது.

தாய்க்கு எவ்வழி வந்தது?

தொற்று தாயிடமிருந்து வந்தது சரி. தாய்க்கு எங்கிருந்து வந்தது? சரியாக வேகாத இறைச்சியின் மீது ஐயம் எழுந்தது. பாரிசின் ஜார்ஜ் தெமோன் குழுவினர் 1965இல் வெளியிட்ட ஆய்வு அதனை உறுதிப்படுத்தியது. ஆனால் அந்த ஆய்வு நடந்த விதம் இன்று படிக்கையில் நெஞ்சை உறுத்துவது. காசநோய்ச் சிறாருக்கான ஒரு மருத்துவமனையில், ஊட்டம் கருதி, அரைகுறையாக வெந்த மாட்டிறைச்சியோ குதிரையிறைச்சியோ அன்றாட உணவில் சேர்க்கப்பட்டது. முன்பு ஆண்டுக்கு 10 விழுக்காடாக இருந்த புதிய தொற்று 50 விழுக்காடாக உயர்ந்தது. அரைவேக்காட்டு ஆட்டிறைச்சியையும் சேர்த்தபோது அது 100 விழுக்காட்டை எட்டியது. உண்மை அறியப்பட்டது. அதனை அறிவதற்கு நோயுற்ற குழந்தைகளின் உடல்களே களமாயின என்பதையும் வரலாறு பதிவுசெய்தே ஆகவேண்டும்.

இறைச்சியால் எல்லாம் விளங்கிவிடவில்லை. புலால் உண்ணாதவருக்கும் தொற்று இருந்தது. புல் மேயும் ஆட்டுக்கு அது எப்படி வந்தது என்பதும் தெரியவில்லை. கிளாஸ்கோ நகரின் வில்லியம் ஹட்சிசன், பூனையின் கழிவை நீரிலிட்டு ஓராண்டு வைத்திருந்து, அதன்பின் எலிகளுக்குக் கொடுத்தும் தொற்று உண்டாவதை 1965இல் அறிவித்தார். பூனையின் குடற்புழு முட்டைக்குள் ஒட்டுண்ணி ஒளிந்து வருகிறது என்று அவர் முதலில் எண்ணினார். புழுவே இல்லாத பூனையிடமிருந்தும் தொற்றியபோது அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. 1970இல் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்குழுக்கள் விடையைக் கண்டன. பூனைக் குடும்பத்து விலங்கின் குடலில்தான் டாக்சோபிளாஸ்மா இணைந்து இனம்பெருக்குகிறது. அதன் உறைமுட்டைகள் கழிவோடு மண்ணில் சேர்கின்றன. ஈரமண்ணில் ஓராண்டிற்கு மேலும் அவை உயிரோடு கிடக்கும். இக்கண்டுபிடிப்பில் பங்குகொண்டவர்களுள் ஜிதேந்தர் பிரகாஷ் துபே என்ற இந்தியக் கால்நடை அறிஞரும் ஒருவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. பூனை இல்லாத பசிபிக் தீவுகளில் மக்களிடையே இத்தொற்று ஏறக்குறைய இல்லை என்று 1969இல் கார்டன் வாலஸ் வெளியிட்டிருந்த செய்தியும் இதனோடு பொருந்தியது.

கருவின் நாட்காட்டி

எப்போது தொற்றினால் கருவிற்குக் கேடு? தெமோனும் ழாக் குவ்ரேரும் பாரிசில் தாய்மாரைத் தொடர்ந்து கண்காணித்து 1974இல் தந்த விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, கருவுறுவதற்கு வெகுநாள் முன்பே தொற்றுப் பெற்ற தாயின் குழந்தை பொதுவாகக் காக்கப்படுகிறது. கருவுற்றிருக்கும்போது முதன்முறையாகத் தொற்றுவதே இடர். இரண்டாவது, கரு முதிர முதிரத் தொற்று கடந்து செல்லும் வாய்ப்பு பெருகுகிறது. ஆனால் கேட்டின் கடுமை குறைகிறது.

பிரான்சின் லியோன் நகரில் 603 தாய்மாரைக் கொண்டு செய்யப்பெற்று 1999இல் வெளிவந்த ஆய்வு இதற்கு எண் வடிவம் தந்தது. 13ஆம் வாரத்தில் தாய்க்குத் தொற்றினால் கருவிற்குச் செல்லும் வாய்ப்பு 6 விழுக்காடு. 26ஆம் வாரத்தில் 40. 36ஆம் வாரத்தில் 72. மாறாக, தொற்றிய குழந்தைக்கு நோய்க்குறி தோன்றும் வாய்ப்பு 13ஆம் வாரத்தில் 61 விழுக்காடு, 26இல் 25, 36இல் 9. இளங்கருவைக் காக்கும் நஞ்சுக்கொடியின் வேலி முதிர்கருவில் நெகிழ்ந்துவிடுகிறது; ஆனால் அதற்குள் குழந்தை தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும் ஆற்றலைப் பெற்றுவிடுகிறது.

இவ்வறிவைக் கொண்டு ஆஸ்திரியா 1975இல் கருவுற்ற மகளிர் அனைவருக்கும் குருதிச் சோதனையைத் தொடங்கியது. பிரான்ஸ் 1978இல் திருமணத்திற்கு முன்னும், 1985இல் கருவுற்றபோதும் சோதனையைக் கட்டாயமாக்கி, தொற்றுப் பெறாத தாய்க்கு 1992 முதல் மாதந்தோறும் அதனை விதித்தது. தாய்க்கு ஸ்பைராமைசின், கருவிற்குத் தொற்றிவிட்டால் பைரிமெத்தமின், சல்ஃபாடையசின் எனும் இணைமருந்துகள் என்று மருத்துவமும் உருப்பெற்றது. இவ்விரண்டும் சேரும்போது தனித்தனியே தருவதைவிடப் பன்மடங்கு பயன் தருவதை 1953இலேயே ஐல்ஸ், கோல்மன் இருவரும் எலிகளில் காட்டியிருந்தனர்.

ஆயினும் எல்லா நாடுகளும் இவ்வழியை ஏற்கவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, தாய்க்கு விரைந்து மருந்தளிப்பது தொற்றைக் குறைக்கிறது என்பதற்கான சான்று வலுவற்றது என்று கூறியது. பிரிட்டன் அனைவருக்குமான சோதனையை மேற்கொள்ளவில்லை. மருந்தின் கதையிலும் நெருடல் உண்டு. 1950களில் அறியப்பட்ட பழைய மருந்தான பைரிமெத்தமின், 2015இல் அமெரிக்காவில் அதன் உரிமையை வாங்கிய நிறுவனத்தால் மாத்திரை ஒன்றுக்கு 13.50 டாலரிலிருந்து 750 டாலராக ஒரே மூச்சில் உயர்த்தப்பட்டது. பிறந்ததிலிருந்து ஓராண்டு அம்மருந்தை உட்கொள்ள வேண்டிய குழந்தையின் பெற்றோருக்கு அவ்வெண் எத்தகையதாக இருந்திருக்கும்?

நோயும் எங்கும் ஒரே கடுமையுடையதன்று. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் 2006-2007இல் 1,46,307 பச்சிளங் குழந்தைகள் சோதிக்கப்பட்டன. 190 குழந்தைகளுக்குப் பிறவித் தொற்று இருந்தது. கண் பரிசோதிக்கப்பட்ட 178 பேரில் 142 பேருக்கு விழித்திரைப் புண்ணோ வடுவோ காணப்பட்டது. ஐரோப்பாவில் காண்பதைவிட இது மிக மிகுதி. தென்னமெரிக்காவில் பரவியுள்ள ஒட்டுண்ணி வகைகள் கடுமையானவை என்பது ஆய்வாளர் துணிபு.

எல்லா வடுவும் கருவிலிருந்து வந்ததா?

பின்னோக்கிச் சென்ற பயணத்தில் ஒரு திருத்தமும் நேர்ந்தது. பெரியவர்களின் கண்ணில் காணும் வடுவெல்லாம் கருவிலிருந்து வந்ததே என்ற கொள்கை நெடுநாள் கோலோச்சியது. தென் பிரேசிலின் எரெஷிம் பகுதியில், ஒரே குடும்பத்து உடன்பிறந்தார் பலருக்கும் இந்நோய் இருப்பதை 1980களில் மருத்துவர்கள் கவனித்தனர். ஒரு தாய் பொதுவாக ஒரு கருவுக்கே தொற்றைக் கடத்த இயலும். எனவே உடன்பிறந்தார் அனைவரும் அதனைக் கருவில் பெற்றிருக்க முடியாது. 1992இல் வெளியான ஆய்வில் அங்கே 1,042 பேரில் 17.7 விழுக்காட்டினருக்கு இக்கண்நோய் இருந்தது. 1995இல் கனடாவின் விக்டோரியா நகரில் குடிநீர் வழியே பரவிய தொற்றிலும் பலருக்குக் கண் பாதிக்கப்பட்டது.

இவ்வரிசையில் நம் கோயம்புத்தூருக்கும் ஓரிடம் உண்டு. 2004இல் அங்கே கண் மருத்துவமனைக்கு வந்தோரில் விழித்திரை அழற்சி உடையோர் திடீரெனப் பெருகினர். பிறந்த பின் பெற்ற டாக்சோபிளாஸ்மா தொற்றென அது அறியப்பட்டது. 248 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை 2010இல் பன்னாட்டு இதழில் வெளியாயிற்று. குடிநீர் மாசுற்றதே காரணமாகலாம் என்று ஐயுறப்பட்டது. ஆகவே, வடுவைக் கண்டவுடன் அதன் மூலத்தைத் தாயின் வயிற்றில் தேடுவது எப்போதும் பொருந்தாது.

இத்திருத்தம் மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. பிறவிக்குறை என்று ஊழின் மீது சுமத்தப்பட்டது நோயெனத் தெளிவானபோது, அச்சுமை சத்தமின்றித் தாயின் தோளுக்கு மாறிவிட்டது. கருவுற்றபோது என்ன உண்டாய், ஏன் பூனையைத் தொட்டாய் என்று வீட்டார் கேட்கும் கேள்விகளில் அதனைக் காணலாம். வரலாறு தரும் விடை வேறு. பூனை பெரும்பாலும் தன் முதல் தொற்றின்போது ஒன்றிரண்டு வாரங்களே உறைமுட்டைகளை வெளியிடுகிறது. ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் செய்யப்பெற்று 2000இல் வெளியான ஆய்வு, கருவுற்றோரின் தொற்றில் 30 முதல் 63 விழுக்காடு வரை வேகாத இறைச்சியாலும், 6 முதல் 17 விழுக்காடு வரை மண்ணைக் கையாள்வதாலும் வந்தவை என மதிப்பிட்டது. பூனையோடு பழகுவது தனிக்காரணமாகத் தென்படவில்லை.

நம் ஊர்களில் கருச்சிதைவுற்ற பெண்களுக்கு 'டார்ச்' என்ற குருதிச் சோதனை எழுதித் தரப்படுவதைப் பலரும் அறிவர். அதில் டாக்சோபிளாஸ்மாவிற்கு எதிரே 'பாசிட்டிவ்' என்று கண்டதும் குடும்பமே கலங்குகிறது. ஐஜிஜி எனும் எதிர்ப்பொருள் மட்டும் இருந்து ஐஜிஎம் இல்லையாயின், அது பெரும்பாலும் பழைய தொற்றின் அடையாளம். அடுத்து வரும் குழந்தைக்கு அதுவே காப்பாகும். ஐஜிஎம் இருந்தாலும் அது மாதக்கணக்கில், சிலரில் ஆண்டுக்கணக்கில், நிலைக்கக்கூடியது. தொற்று பழையதா புதியதா என்று பிரித்தறியும் அவிடிட்டி எனும் சோதனையைப் பின்லாந்தின் கிளாஸ் ஹெட்மன் குழுவினர் 1989இலேயே தந்துவிட்டனர். அதனைச் செய்யாமல் ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்குவது அறமாகாது.

கொதிக்கும் குழம்பில் நன்கு வெந்த இறைச்சியில் இவ்வொட்டுண்ணி பிழைப்பதில்லை. கீரையையும் பச்சைக் காய்கறிகளையும் நன்கு கழுவுதல், மண்ணளைந்த கையைச் சோப்பிட்டுக் கழுவியபின் உண்ணுதல், நீரைக் காய்ச்சிக் குடித்தல் ஆகியவை கருவுற்ற பெண்ணுக்குப் போதிய காவல். பிறவித் தொற்று உறுதியான குழந்தைக்கோ, பிறந்தபோது கண் நலமாயிருந்தாலும், வளர்ந்தபின்னும் ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதிப்பது இன்றியமையாதது. மங்கலோ மிதக்கும் கரும்புள்ளிகளோ தோன்றினால் அன்றே கண் மருத்துவரை நாட வேண்டும். மறுவெடிப்பை விரைந்து அடக்கினால் எஞ்சிய பார்வையைப் பெரும்பாலும் காக்கலாம்.

பிராகிலும் நியூயார்க்கிலும் இறந்த அவ்விரு குழந்தைகளின் பெயர்களை மருத்துவ ஏடுகள் குறித்து வைக்கவில்லை. அவர்கள் கண்களில் இருந்து கற்ற பாடத்தால்தான் இன்று ஒரு தாயின் குருதித் துளியைக் கொண்டே குழந்தையின் கண்ணுக்கு நேரக்கூடியதை முன்னறிய முடிகிறது. அவ்வறிவு நம் ஊர்ப் பெண்ணுக்கு அச்சமாகச் சென்று சேராமல் துணையாகச் சென்று சேர்வதே அக்குழந்தைகளுக்கு நாம் செலுத்தும் கடன்.